கத்தரிக்கோல் போகும் இடம்

ரயில்வேயில் எஸ்டிமேட் போட்டே காலம் கழித்தவன் நான். பணம் போதாவிட்டால் நம் கத்தரிக்கோல் முதலில் கடைசி ஆளிடம்தான் போகும். அமெரிக்கக் கல்லூரிகளும் ஒருமுறை இப்படித்தான் செய்தன.

அங்கே கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுப்பது என்.சி.ஏ.ஏ. என்னும் சங்கம். செலவு ஏறுகிறதே என்று 1991-ல் அது பயிற்சியாளர்கள் மேல் கை வைத்தது. கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், உதவியாளர் இருவர், அவர்களுக்குக் கீழே இன்னொருவர். இந்தக் கடைசி ஆளுக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் தரக்கூடாது! அவர்களுடைய ஃபுட்பால் நீங்கலாக, முதல் பிரிவின் எல்லா விளையாட்டுக்கும் இதே உச்சவரம்பு. தலைமைப் பயிற்சியாளருக்கும் மற்ற உதவியாளர்களுக்கும் வரம்பே இல்லை.

பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். கல்லூரி தன் சக்திக்கேற்பச் சம்பளம் பேசலாம். எல்லாக் கல்லூரிகளும் கூடி ஒரே விலை வைக்கலாமா? கூடாது என்று 1995-ல் தீர்ப்பு வந்தது. 1998-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 1999-ல் சங்கம் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மிச்சம் பிடிக்கப் போய் வந்த செலவு!

சிக்கனம் வேண்டியதுதான், அன்பர்களே. பட்டியலை மேலிருந்து படித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுங்கள்.