தாத்தாவின் சிற்றலை வானொலி: முதலில் எதை மாற்றுவது?

"இரைச்சல் தாங்க முடியல அய்யா. வேற ரேடியோ வாங்கலாமா?"

சென்ற பருவ விடுமுறையில் தாத்தா இப்படிக் கேட்டார். தோட்டத்தில் பால்மரம் சீவிய காலந்தொட்டு அவருக்குச் சிற்றலைதான் துணை. 2017இல் பிபிசி தமிழோசை வானொலி ஒலிபரப்பை நிறுத்தியபோது ஒரு வாரம் முகம் வாடியிருந்தார். எஞ்சிய நிலையங்களையும் இழக்க அவருக்கு மனமில்லை. என் கையில் இருந்ததோ கல்விக் கடனில் மிச்சம் பிடித்த 400 ரிங்கிட்.

தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு இயற்பியலை மலாய்மொழியில் படித்தவன் நான். அதைத் தாத்தாவுக்குத் தமிழில் விளக்க முயன்றபோதுதான் எனக்கே தெளிவு பிறந்தது.

சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை. வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து மெலிந்து வருகிறது. அதனால் அலையின் வலிமை மட்டும் போதாது. வீட்டு இரைச்சலைவிட அது எவ்வளவு மேலோங்கி நிற்கிறது என்பதே முக்கியம். இரைச்சலைக் குறைக்காமல் ஒலிபெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

எனவே முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. வானொலியை மின்கலத்தில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சை அடைத்தேன். இரைச்சல் சட்டென அடங்கியது! பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில், கைப்பேசி சார்ஜரும் ஓர் எல்.இ.டி. விளக்கும் பிடிபட்டன. விளக்கை மாற்றினோம், கேட்கும் நேரத்தில் சார்ஜரைக் கழற்றி வைத்தோம்.

இரண்டாவது, ஏரியல். சுமார் 10 மீட்டர் செப்புக் கம்பியைச் சுவரிலிருந்து விலக்கி, கொல்லையில் உயரமாகக் கட்டினேன். மிக நீளமான கம்பி சிறிய வானொலிக்கு ஆகாது. வலிய நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கேட்கும். நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். மழை வருமுன் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, நேரமும் அலைவரிசையும். பொதுவாகப் பகலில் உயர்ந்த அலைவரிசைகளும் இரவில் தாழ்ந்தவையும் நன்றாக எட்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் பக்கத்து நிலையம் 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்று தொல்லை கொடுத்தால்தான், அலைகளைப் பிரித்தெடுக்கும் திறன் கூடிய புதிய வானொலியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. கம்பிக்கும் விளக்குக்கும் போக, மீதிப் பணம் அப்படியே இருக்கிறது. அன்றிரவு தாத்தா ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டார். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பழைய வானொலி ஒன்று மூலையில் கிடந்தால், தூக்கி எறியுமுன் ஒருமுறை மெயின் சுவிட்சை அடைத்துப் பாருங்கள்.