சாப்ட்வேர் எழுதுகிறவருக்கு நம் கடை தெரியுமா?

உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் வழியில், அனுமந்தன்பட்டியில் நம் அன்பர் ஒருவரின் மளிகைக் கடைக்குச் சென்றிருந்தோம். கல்லாவில் கம்ப்யூட்டர் இருந்தது. பக்கத்தில் பழையபடி ஒரு நோட்டும் இருந்தது. "இது எதற்கு?" என்றோம். "26 கிலோ அரிசி மூட்டைக்கும் 5 சதவீதம் வரி போட்டுவிடுகிறது அண்ணே. அந்த மூட்டையை மட்டும் கையால் எழுதிவிடுகிறேன்" என்றார். இருப்புக் கணக்கு எப்படி ஒத்துப்போகும் என்று நாம் கேட்கவில்லை. அவர் முகமே சொல்லிற்று.

விஷயம் நாம் அறிந்ததுதான். 2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. உடனே 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்துவிட்டது! மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தாலும் வரியில்லை. ஆக, ஒரே அரிசிக்கு இரண்டு விதமான கணக்கு. சாப்ட்வேரோ ஒரு சரக்குக்கு ஒரு வரிதான் என்று நிற்கிறது. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் நம் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவரல்ல.

"அவர்களிடம் சொன்னீர்களா?"

"நமக்கென்ன கம்ப்யூட்டர் தெரியும் அண்ணே? சொன்னால் சிரிப்பார்கள்."

இந்தக் கூச்சம் வேண்டாம். கணக்கர்கள் பலரும் உபயோகிக்கும் டாலி எப்படிப் பிறந்தது? ஷியாம் சுந்தர் கோயங்கா ஒரு வியாபாரி. ஆலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிப்பாகமும் சப்ளை செய்தவர். தம் கணக்குக்குத் தோதான சாப்ட்வேர் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத்தையே எழுதச் சொன்னார். 1986-ல் நிறுவனம் தொடங்கிற்று. கணக்குக்கு ஒரு குறியீட்டு எண் என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லாமல், பார்ட்டியின் பெயரையே அடித்து வரவு வைக்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆனால், "உங்கள் சாப்ட்வேர் சரியில்லை" என்று போனில் சத்தம் போடுவதால் காரியம் ஆகாது. எந்த பில், என்ன சரக்கு, எந்தக் கீயை அழுத்தினோம், திரையில் என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். செல்போனில் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

அன்றே அன்பரை அப்படி அனுப்ப வைத்தோம். "26 கிலோவில் மூட்டை வருகிறதா?" என்று ஆச்சரியப்பட்டார்களாம்! பத்து நாளில் சிப்பம் வாரியாக வரி பிரிந்து வந்துவிட்டது.

நோட்டு இன்னும் கல்லாவில்தான் இருக்கிறது. கடன் பாக்கிச் சீட்டில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக அச்சாவதை அதில் இப்போது குறித்து வைத்திருக்கிறார்.