மூன்று மணி நேரக் குடல்

ஃபெரெட் என்னும் சிறு விலங்கைப் படத்தில் முதன்முறை காணும் தமிழ் வாசகருக்குக் கீரியின் நினைவு வருவது இயல்பே. எனினும் கீரி பூனையின் கிளையைச் சேர்ந்தது, ஃபெரெட்டோ நீர்நாயும் நீலகிரி மார்ட்டெனும் இடம்பெறும் முஸ்டெலிட் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் வாழும் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பழக்கியெடுக்கப்பட்டதாகக் கருதப்படும் இவ்விலங்கை மனிதர் வளர்த்ததன் நோக்கம் கொஞ்சி விளையாடுவதன்று, வளைக்குள் பதுங்கும் முயலை வெளியே விரட்டுவதாகும். கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ, ஐபீரியத் தீபகற்பத்தில் முயல் தொல்லையை ஒடுக்க லிபியாவிலிருந்து கொண்டுவரப்பட்டதாகக் கூறும் வேட்டை விலங்கும் ஃபெரெட்டாகவே இருக்கலாம் எனப் பலர் கருதுகின்றனர். இன்று அது பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் வீட்டுச் செல்லமாக வாழ்கிறது; கலிபோர்னியாவும் ஹவாயும் மட்டும் அதை வளர்ப்பதற்குத் தடை விதித்துள்ளன.

முயலை விரட்டிய இந்த ஊனுண்ணிக்கு மனிதர் இட்ட உணவின் வரலாறு சற்று விசித்திரமானது. பிரிட்டனின் கிராமப்புறங்களில் நெடுங்காலம் பாலில் ஊறவைத்த ரொட்டியே ஃபெரெட்டின் வழக்கமான உணவாக இருந்தது. அதனால் உண்டான இளகிய கழிச்சலை வளர்ப்பவர்கள் அவ்விலங்கின் இயல்பென்றே எடுத்துக்கொண்டனர். பின்னர் அமெரிக்காவில், மென்மயிருக்காக வளர்க்கப்படும் மிங்க் என்ற விலங்கின் பண்ணைத் தீவனமும் பூனைத் தீவனமும் அந்த இடத்தைப் பிடித்தன. அவற்றைத் தொடர்ந்து ஃபெரெட்டுக்கென்றே தயாரிக்கப்பட்ட உலர் தீவனம் வந்தது. அண்மைக் காலத்தில் வளர்ப்பவருள் ஒரு சாரார் உலர் தீவனத்தைக் கைவிட்டு, பச்சை இறைச்சி, எலும்பு, உள்ளுறுப்பு ஆகியவற்றுக்குத் திரும்புகின்றனர். அப்படித் திரும்புவோரில் பலரைத் தூண்டுவது தம் ஃபெரெட்டுக்கு 'வயிறு ஒத்துக்கொள்வதில்லை' என்ற கவலைதான். ஆனால் அந்த வயிறே மாற்றத்தை மிகவும் கடினமாக்குகிறது என்பதை அவர்கள் பெரும்பாலும் மாற்றத்தைத் தொடங்கிய பின்னரே உணர்கின்றனர்.

இதற்கான காரணம் விலங்கின் உடலமைப்பிலேயே இருக்கிறது. ஃபெரெட்டின் 34 பற்களில் அரைப்பதற்கு உரியவை மிகக் குறைவு. பெரும்பாலானவை கிழிக்கவும் வெட்டவும் அமைந்தவை. தாவர உண்ணிகளின் குடலில் நார்ப்பொருளை நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும் பையான குருட்டுக்குடல் இதற்கு இல்லை; சிறுகுடலுக்கும் பெருங்குடலுக்கும் இடையே இருக்கவேண்டிய தடுப்பிதழும் இல்லை. மனிதருக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும் செரிமானப் பயணம், வளர்ந்த ஃபெரெட்டின் குறுகிய குடலில் மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. விலங்குப் புரதத்தையும் கொழுப்பையும் அந்த நேரத்திற்குள் உடைத்து உறிஞ்சிக்கொள்ள அதனால் இயலும்; மாவுச்சத்தை ஓரளவே பயன்படுத்த முடியும்; நார்ப்பொருள் ஏறத்தாழ வந்தபடியே வெளியேறும். உலர் தீவனத்தின் குருணைகள் வடிவம் பெற்று உதிராமல் நிற்க ஏதேனும் ஒரு மாவுப்பொருள் சேர்க்கப்படுகிறது. இறைச்சி ஆதரவாளர்களின் முதன்மையான வாதம் இதைச் சுட்டியே எழுகிறது. நடுவயதைக் கடந்த ஃபெரெட்டுகளிடம் அடிக்கடி காணப்படும் இன்சுலினோமா, அதாவது கணையத்தில் தோன்றி இன்சுலினை அளவுமீறிச் சுரந்து இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தும் கட்டி, நெடுங்கால மாவுச்சத்து உணவின் விளைவாக இருக்கலாம் என்ற கருத்தும் பரவலாக உள்ளது. அது ஏற்கத்தக்க ஊகம்தான் என்றாலும் இதுவரை நிறுவப்படவில்லை. இறைச்சி கொடுத்தால் கட்டி வராது என்று உறுதியளிப்போர் சான்றின் எல்லையைத் தாண்டிப் பேசுகின்றனர்.

இவை அனைத்திற்கும் முன்பு எழவேண்டிய கேள்வி, ஒவ்வாத வயிறு என்று சொல்லப்படுவது உண்மையில் என்ன என்பதாகும். அது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்கள் வெளிக்காட்டும் ஒரே முகம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஃபாக்ஸ் குழுவினர் 1980களில் ஃபெரெட்டின் இரைப்பையில் கண்டறிந்த ஹெலிகோபாக்டர் முஸ்டெலே என்ற பாக்டீரியா, பால்குடி மறந்த ஃபெரெட்டுகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றில் குடியிருக்கிறது. உடல் நலிவோ மன அழுத்தமோ நேரும்போது அதுவே இரைப்பை அழற்சியையும் புண்ணையும் உண்டாக்கக் கூடும். 1993இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் முதன்முதலாகக் கவனத்திற்கு வந்த குடல் கொரோனா வைரஸ், பச்சைக் கோழையாகக் கழிச்சலை உண்டாக்கி, குடற்சுவரின் உறிஞ்சும் விரல்களைச் சிதைத்து, வயதான விலங்குகளை மாதக்கணக்கில் செரிமானக் கோளாறுடன் விட்டுச் செல்கிறது. நாள்பட்ட குடல் அழற்சி, நிணநீர்ப் புற்றுநோய், எங்கோ கடித்து விழுங்கிய ரப்பர்த் துண்டு ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். வாயை முன்காலால் சுரண்டுவது, எச்சில் வடிப்பது, பற்களை நறநறவெனத் தேய்ப்பது ஆகியவை குமட்டலையோ வயிற்று வலியையோ குறிப்பவை. இரத்தச் சர்க்கரை குறைந்த ஃபெரெட்டும் வாயைச் சுரண்டி எச்சில் வடிக்கும். ஆகவே இத்தகைய விலங்கின் உணவை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் மலப் பரிசோதனையும் இரத்தச் சர்க்கரை அளவீடும் செய்துகொள்வது சம்பிரதாயத்திற்காக அன்று. இன்சுலினோமா உள்ள ஒரு ஃபெரெட் புதிய உணவை அரை நாள் மறுத்தாலே மயங்கி வலிப்புக்கு உள்ளாகலாம்.

'பசித்தால் தானாகத் தின்னும்' என்ற விதி பல விலங்குகளுக்குப் பொருந்தலாம். இங்கே அது ஆபத்தானது. ஒரு நாளில் எட்டுப் பத்து முறை சிறிது சிறிதாகத் தின்னும் இவ்விலங்கு நெடுநேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்வதோடு, உடற்கொழுப்பு கல்லீரலில் சென்று படியும் நோயும் வரலாம். மறுப்பதற்குக் காரணம் பிடிவாதமும் அன்று. ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரைமுண்ட் அப்ஃபெல்பாக் 1970களில் நடத்திய ஆய்வுகள், பிறந்த மூன்றாம் மாதத்தை ஒட்டிய காலத்தில் எந்த உணவின் மணம் ஃபெரெட்டின் மூக்கில் பதிகிறதோ அதையே அது பின்னாளில் உணவென்று தேடுகிறது எனக் காட்டின. குட்டிப் பருவத்தில் குருணையை மட்டுமே அறிந்த ஃபெரெட்டின் முன் கோழித் தொடையை வைத்தால், அது வெறுத்து ஒதுங்குவதில்லை. அதை உண்பொருளாகவே அடையாளம் காண்பதில்லை.

எனவே மாற்றம் மூக்கின் வழியாகவே நடைபெற வேண்டியிருக்கிறது. அனுபவமுள்ளோர் பழைய தீவனத்தையே வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, அந்தக் கூழை உணவென்று விலங்கு ஏற்ற பின்னரே அதில் அரைத்த இறைச்சியைச் சிட்டிகை அளவில் கலக்கின்றனர். உடல் வெப்பத்திற்குச் சூடேற்றப்பட்ட கூழின் மணம் எழும்பிப் பரவுவதும், விரல் நுனியில் தொட்டுக் கொடுப்பதும் பெரிதும் உதவுகின்றன. நோயற்ற இளம் ஃபெரெட் இரண்டு வாரத்தில் கடக்கும் தொலைவை, நலிந்த வயிறுடையது இரண்டு மூன்று மாதங்களில் கடந்தால் போதுமானது. அதுவரை ஒரே விலங்கின் இறைச்சி, பெரும்பாலும் கோழியோ வான்கோழியோ, மட்டுமே தரப்பட வேண்டும். இரண்டு மூன்று இறைச்சிகளை ஒரே நேரத்தில் தந்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பிரித்தறிய வழியிராது. தீவனமும் பச்சை இறைச்சியும் வெவ்வேறு வேகத்தில் செரிப்பதால் இரண்டையும் கலக்கவே கூடாது என்றொரு கூற்று வளர்ப்பவரிடையே உலவுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, பட்டினியின்றி மாற்றுவதற்குக் கலப்பதே எளிய வழியாகவும் இருக்கிறது. தசை இறைச்சி நிலைபெற்ற பின் இதயம், அதன்பின் சிறிது எலும்பு, இறுதியாக ஈரல் என்ற வரிசையே வயிற்றுக்கு இதமானது.

இந்த நாட்களில் வளர்ப்பவர் நாள்தோறும் படிக்கவேண்டிய ஏடு விலங்கின் மலமாகும். மாற்றம் சரியாகச் செல்லும்போது அது அளவில் சிறுத்து, நிறம் அடர்ந்து, நாற்றமும் குறைகிறது. பச்சை நிறமும் கோழையும் உணவு மிக விரைவாகக் கடந்து சென்றதையும், தினை போன்ற மணிகள் செரிக்காத கொழுப்பையும், வெளிறி உதிரும் சுண்ணாம்புத் தன்மை எலும்பு மிகுந்ததையும் காட்டுகின்றன. ஒரு நாள் இளகல் பொறுத்திருக்கத் தக்கது, முந்திய படிக்குத் திரும்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தார்போல் கறுத்து ஒட்டும் மலமோ இரைப்பையில் இரத்தம் கசிவதன் அடையாளம், அதைக் கண்ட அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

விலங்கு இறைச்சியை ஏற்றுக்கொண்டதோடு வேலை முடிவதில்லை. வெறும் தசை இறைச்சி முழு உணவாகாது. காட்டு ஊனுண்ணி இரையை எலும்போடும் ஈரலோடும் தின்பதால் அதற்குச் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் கிடைக்கின்றன. அதைப் பின்பற்றி நூற்றுக்கு எண்பது பங்கு தசை, பத்துப் பங்கு எலும்பு, பத்துப் பங்கு உள்ளுறுப்பு, அதில் பாதி ஈரல் என்ற கணக்கை வளர்ப்பவர்கள் கையாள்கின்றனர். இது வளர்ப்பவரிடையே பிறந்த கைக்கணக்கே அன்றி ஆய்வகத்தில் அளந்து வகுத்த விதியன்று. ஈரல் மிகுந்தால் உயிர்ச்சத்து ஏ நஞ்சாகும். சிலவகைப் பச்சை மீன்கள் தயமின் என்ற உயிர்ச்சத்தை அழிக்கும். இதயத்திற்கும் கண்ணுக்கும் வேண்டிய டாரின் என்ற பொருள் விலங்கின் இதயத்தசையில் நிறைந்திருப்பினும், அரைத்து நெடுநாள் வைத்த இறைச்சியில் குறைகிறது. பச்சை எலும்பு மென்று விழுங்கத்தக்கது, வேகவைத்த எலும்போ சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கக் கூடியது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பலர் முழு இரையாகவே, குறிப்பாக முட்டைக்கோழிப் பண்ணைகள் ஒதுக்கும் ஒரு நாள் ஆண் குஞ்சுகளை, உறைநிலையில் வாங்கித் தந்துவந்தனர். ஆனால் அவ்வாறு ஆண் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022 முதல் தடைசெய்துவிட்டது.

நுண்ணுயிர் பற்றிய எச்சரிக்கையை இறைச்சி ஆதரவாளர்கள் எளிதில் தள்ளிவிடுகின்றனர், அது சரியன்று. சால்மொனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் உறைபெட்டிக் குளிரில் அழிவதில்லை. விலங்கு நோயுறாவிட்டாலும் அதன் மலத்தின் வழியே வீட்டிலுள்ள குழந்தைக்குத் தொற்றலாம். இக்காரணத்தால் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல் செல்லங்களுக்குப் பச்சை இறைச்சி தருவதை ஊக்குவிக்காத கொள்கையை ஏற்றது. ஃபெரெட்டுக்கு இன்னொரு தனி ஆபத்தும் உண்டு. 1933இல் லண்டனில் மனித இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிரித்தறிய ஆய்வாளர்களுக்கு உதவியதே இவ்விலங்குதான். அக்காய்ச்சல் மனிதரைப் போலவே இதையும் எளிதில் பற்றுகிறது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பச்சை வான்கோழி உணவு தின்ற வீட்டுப் பூனை, இன்ஃப்ளூயன்சாவின் ஒரு வகையான பறவைக் காய்ச்சலால் இறந்தபின், ஃபெரெட் வீட்டில் பச்சைக் கோழியைத் தயக்கமின்றி வைக்க இயலாது. வயிறு ஏற்கெனவே நலிந்த விலங்குக்கு எலும்பு நீக்கிய இறைச்சியை வேகவைத்து, மருத்துவர் சொல்லும் அளவில் சுண்ணாம்புச் சத்தும் டாரினும் கலந்து தருவது இழுக்கில்லாத மாற்று வழி. மாவுச்சத்து குறைவதே நோக்கமெனில் அது அவ்வழியிலும் நிறைவேறும்.

எடையைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு: குளிர்காலத்தில் கொழுப்புச் சேர்த்துக் கோடையில் இழப்பது இவ்விலங்கின் இயல்பாதலால், மாற்றத்தை வசந்தத்தில் தொடங்கியவர் பருவத்தின் மெலிவை உணவின் குறையாக எண்ணிவிடலாம். மற்றொன்று, ஃபெரெட் என்ற பெயரே 'சிறு திருடன்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கிடைத்ததை இழுத்துச் சென்று சோபாவின் அடியிலும் துணிக்குவியலிலும் பதுக்கிவைப்பது அதன் பழக்கம். குருணை ஒரு வாரம் கிடந்தாலும் கேடில்லை, கோழித்துண்டு அப்படியன்று. தட்டு காலியாகியும் எடை ஏறவில்லை, நன்கு கட்டியிருந்த மலம் மீண்டும் இளகுகிறது என்றால், இறைச்சியின் வகையை மாற்றுவதற்கு முன் சோபாவை நகர்த்திப் பார்ப்பது நல்லது.