ரோட்டுக்குக் குறுக்கே ஓடி வரும் மழைத் தண்ணீர்



நம்ம ஊருக்குப் புதுசாக ரோடு வருகிறது என்றால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் தண்ணீரைப் பொறுத்தவரை ரோடு என்பது நீளமாகப் போட்ட ஒரு கரை. அதற்கு அடியில் போதுமான வழி விடாவிட்டால், மேல்புறத்து வயல் ஏரியாகும். கீழ்புறத்துக் குளத்துக்குத் தண்ணீர் போய்ச் சேராது. நெல்லாவது ஓரிரு நாள் தாங்கும். பருத்தி, மிளகாய், கடலை தாங்குமா? வேர் மூச்சுமுட்டி வாடிப்போகும். அதனால் ரோட்டுக்கடியில் வைக்கும் குழாய்ப் பாலம் இன்ஜினீயர் சமாசாரம் மட்டும் இல்லைங்க, நம்ம சமாசாரமும்தான்.

குழாய் எவ்வளவு பெரிசாக இருக்கணும்? அதற்கு மூன்று விஷயம் தெரியணும்.

முதலாவது, எத்தனை ஏக்கர் தண்ணீர் அந்த இடத்துக்கு வருகிறது என்பது. பாலம் வரும் இடத்தில் நின்று மேட்டுப் பக்கம் பாருங்கள். தண்ணீர் இந்தப் பக்கம் சாயுமா, அந்தப் பக்கம் சாயுமா என்று பிரிகிற மேட்டு வரி ஒன்று இருக்கும். அதைச் சுற்றி நடந்து வந்தால் உள்ளே அடங்குவதுதான் நீர்ப்பிடிப்புப் பரப்பு. கிராம வரைபடத்தில் அதைக் குறித்து, சர்வே எண்களின் பரப்பைக் கூட்டினால் ஏக்கர் கணக்கு கிடைத்துவிடும்.

இரண்டாவது, மழையின் வேகம். நாள் முழுக்கத் தூறி 10 செ.மீ. பெய்தால் பாலத்துக்குக் கஷ்டமில்லை. ஒரு மணி நேரத்தில் 6 செ.மீ. கொட்டினால்தான் ஆபத்து. மேட்டுக் கோடியில் விழுந்த தண்ணீர் பாலத்துக்கு வந்து சேர அரை மணி ஆகிறது என்று வையுங்கள். மழை அந்த அரை மணியும் விடாமல் பெய்தால், எல்லாக் காட்டுத் தண்ணீரும் ஒரே சமயத்தில் பாலத்தடியில் கூடும். ஆகவே அந்த அரை மணிக்குரிய மழை வேகத்தைத்தான் கணக்கில் எடுக்கணும்.

மூன்றாவது, பெய்ததில் எவ்வளவு ஓடும் என்பது. மணற்பாங்கான நிலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு ஓடலாம். களிமண், கரிசல் என்றால் ஐம்பது, அறுபதுகூட ஓடும். வரப்பு உயர்த்திக் கட்டியிருந்தால் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் மண் ஏற்கெனவே நனைந்து ஊறியிருந்தால் கூடும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் பெய்தால் ஏக்கருக்கு 2,40,000 லிட்டர். நூறு ஏக்கருக்கு 2 கோடியே 40 லட்சம் லிட்டர். அதில் பாதி ஓடுகிறது என்று வைத்தால் மணிக்கு 1 கோடியே 20 லட்சம் லிட்டர். ஒரு மணிக்கு 3,600 நொடி. வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 3,300 லிட்டர்!

குழாயில் தண்ணீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நிறைந்து ஓடினால், 60 செ.மீ. குழாய் ஒன்று சுமார் 565 லிட்டர்தான் கடத்தும். ஆக, ஆறு குழாய் வேணும். 90 செ.மீ. குழாய் 1,270 லிட்டர் கடத்தும்; மூன்று போதும். 120 செ.மீ. குழாய் 2,260 லிட்டர் கடத்தும், இரண்டே போதும். அகலம் இரண்டு மடங்கானால் வாய்ப்பரப்பு நான்கு மடங்காகும். கிணறு வெட்டியவர்களுக்கு இது தெரிந்த கணக்குத்தானே! தவிரவும், சின்னக் குழாயில் சீமைக்கருவேல முள் ஒன்று குறுக்கே நின்றாலே அடைப்புத்தான். உள்ளே ஆள் இறங்கித் தூர் வாரவும் முடியாது.

இது தோராயக் கணக்குதாங்க. குழாயின் சாய்மானம், கீழ்ப்புறம் தண்ணீர் தேங்கி நிற்கும் உயரம் இவற்றையும் பார்த்து இன்ஜினீயர்தான் முடிவு சொல்வார். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். முன்பு வெள்ளம் வந்தபோது பனைமரத்தில் எந்த உயரத்தில் செத்தை ஒட்டியிருந்தது? எந்த வேலி மூழ்கியது? அளவெடுக்க வரும்போது கூடவே போய் அந்த அடையாளங்களைக் காட்டுங்கள். ரோடு போட்ட பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

குழாயை ஓடை ஓடுகிற இடத்திலேயே, ஓடைத் தரை மட்டத்திலேயே வைக்கணும். உயர்த்தி வைத்தால் மேல்புறம் தண்ணீர் நிற்கும். தாழ்த்தி வைத்தால் மண் தூர்ந்துவிடும். ஒருவர் நிலத்துக்கு ஒதுக்கிப் பக்கத்து நிலத்துக்குத் தள்ளினால் ஊருக்குள் சண்டைதான் மிஞ்சும்.

"பெரிய குழாய் வைத்தால் என் கொல்லை அரித்துப்போகுமே" என்று கீழ்க்காட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் சின்னக் குழாய் தண்ணீரை நிறுத்திவிடாதுங்க. ரோட்டுக்குப் பின்னால் தேக்கிவைத்து, ஒருநாள் ரோட்டையே உடைத்துக்கொண்டு மொத்தமாக வரச் செய்யும். அரிப்புக்கு மருந்து, குழாய் வாயில் கல் பதித்துத் தரை போடுவதும், இருபுறமும் சிறகுச் சுவர் கட்டுவதும். மேல்காட்டார், கீழ்காட்டார் இருவரும் சேர்ந்து கிராம சபையில் இதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

எல்லா மழைக்கும் பாலம் கட்ட முடியுமா? முடியாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதைக்கு அடியில் இருந்த ஜல்லியே அடித்துப் போய்விட்டது. அப்படிப்பட்ட மழையைக் குழாய்க்குள் அடக்க நினைக்க வேண்டாம். அதற்காக ரோட்டில் ஒரு பகுதியைத் தாழ்வாக விட்டு, காங்கிரீட் போட்டு, மிஞ்சின தண்ணீர் மேலே வழிந்தோடும்படி தரைப்பாலமாக அமைத்துவிடலாம். ஏரிக்குக் கலிங்கு மாதிரி, ரோட்டுக்கு அது. ஆனால் அதன் மேல் தண்ணீர் ஓடும்போது வண்டி, மாடு, ஆள் எதுவும் இறங்கக் கூடாது. முழங்கால் அளவு வெள்ளமே ஆளைச் சாய்த்துவிடும்.

ஏற்கெனவே இருக்கிற பாலங்களை மறந்துவிட வேண்டாம். புரட்டாசி முடிவதற்குள் மண்வெட்டியோடு நாலு பேர் போய், குழாய் வாயில் இருக்கிற மண்ணையும் முள்ளையும் எடுத்துவிடுங்கள். பாதி தூர்ந்த குழாய் பாதிக் குழாய்தான். தண்ணீர் பாய்ச்சுவதற்காக வைக்கோலும் மண்ணும் வைத்து அடைத்தவர்கள், முதல் மழைக்கு முன்பே அதைப் பிரித்துவிட வேணும். இராத்திரி இடிமழையில் போய்ப் பிரிக்க யாராலும் முடியாது.