பத்து சென்ட் குத்தகைக்கு ஒரு தேசியச் சங்கம்!

ஜெர்மனியில் ரயிலில் போகிறவர்கள், பெரிய ஊர் நெருங்க நெருங்க ஒரு காட்சியைப் பார்க்கலாம். தண்டவாளத்தை ஒட்டி, வேலி போட்ட சின்னச் சின்னத் தோட்டங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் ஒரு மரக்குடில், இரண்டு மூன்று ஆப்பிள், செர்ரி மரங்கள், தக்காளி, பீன்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகள். வசதியானவர்களின் பண்ணை வீடுகள் என்றுதான் தோன்றும். ஆனால், அத்தனையும் குத்தகை நிலம். அங்கே மண்வெட்டியோடு நிற்பவர்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் பேருந்து ஓட்டுநர், செவிலியர், ஓய்வூதியர் போன்றவர்கள்.

நாடு முழுக்க இப்படி ஏறக்குறைய 9 லட்சம் தோட்டங்கள் இருக்கின்றன. ஒரு தோட்டம் 400 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். நம் கணக்கில் கிட்டத்தட்ட 10 சென்ட். இத்தனை சின்னக் குத்தகைதாரர்களை நிலத்தில் நிலைக்க வைத்திருப்பதில் பெரிய பங்கு, ஜெர்மனி சிறுதோட்டச் சங்கங்களின் கூட்டமைப்புக்கு உண்டு. இதன் தலைமையகம் பெர்லினில் இருக்கிறது.

நிலம் ஊருடையது, குத்தகை சங்கத்துடையது

பெரும்பாலான நிலம் நகராட்சிகளுக்குச் சொந்தம். மீதி ரயில்வே, தேவாலயம், தனியார் என்று பிரிந்து கிடக்கிறது. உரிமையாளர் ஒவ்வொரு தோட்டக்காரரோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போடுவதில்லை. பல இடங்களில் மாவட்ட அளவிலான சங்கம் மொத்த நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து, உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதனால் பத்து சென்ட் வைத்திருப்பவர், நில உரிமையாளர் முன்னால் தனியாக நிற்க வேண்டியதில்லை.

உள்ளூர் சங்கங்கள் 13,000-க்கு மேல். அவை மாநிலச் சங்கங்களில் சேர, மாநிலச் சங்கங்கள் கூட்டமைப்பில் சேர்கின்றன. கூட்டமைப்பின் கையில் விநியோகிக்க நிலம் எதுவும் கிடையாது. தோட்டம் வேண்டும் என்பவர் உள்ளூர் சங்கத்திடம்தான் போய்க் காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுத வேண்டும். பெரிய நகரங்களில் அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும்.

பிள்ளைகள் விட்டார்கள், பெற்றோர் பிடித்தார்கள்

இந்தத் தோட்டங்களை ஜெர்மானியர்கள் ‘ஷ்ரேபர் தோட்டம்’ என்றும் சொல்வார்கள். மோரிட்ஸ் ஷ்ரேபர் என்பவர் லைப்சிக் நகர மருத்துவர். வேடிக்கை என்னவென்றால், அவர் இப்படி ஒரு தோட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 1861-ல் அவர் இறந்துவிட்டார். அதன்பிறகு எர்ன்ஸ்ட் ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒரு சங்கம் தொடங்கி, குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைத்து, அதற்கு ஷ்ரேபர் பெயரை வைத்தார். கார்ல் கேசெல் என்ற ஆசிரியர் திடலின் ஓரத்தில் பிள்ளைகளுக்காகப் பாத்திகள் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகளுக்குக் களை எடுப்பது சீக்கிரமே சலித்துவிட்டது. காய்ந்து கிடந்த பாத்திகளைப் பெற்றோர் எடுத்துக்கொண்டு வேலி போட்டார்கள்.

முதல் உலகப்போரில் நிலைமை மாறியது. 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்குகூடக் கிடைக்காமல், மாட்டுத் தீவனமாகப் போட்ட கிழங்கைச் சாப்பிட்டு மக்கள் உயிர் பிழைத்தார்கள். கையகலத் தோட்டத்தின் மதிப்பு அப்போதுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. 1919 ஜூலையில் குத்தகைத் தொகைக்கு வரம்பு, நினைத்தபோது வெளியேற்றத் தடை என இரண்டையும் கொண்ட சட்டம் வந்தது. 1921 ஆகஸ்ட் 14 அன்று பிரேமன் நகரில் தேசியக் கூட்டமைப்பு உருவானது.

மூன்றில் ஒரு பங்கு எதற்கு?

இப்போது நடைமுறையில் இருப்பது 1983-ம் ஆண்டுச் சட்டம். அந்த வட்டாரத்தில் காய்கறி, பழ வணிகச் சாகுபடி நிலத்துக்கு என்ன குத்தகையோ, அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் தோட்டக்காரரிடம் வாங்கக் கூடாது. முதலில் இரண்டு மடங்கு என்றுதான் இருந்தது. அது நில உரிமையாளர்களுக்கு அநியாயம் என்று 1992-ல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னதால், 1994-ல் நான்கு மடங்காக உயர்த்தினார்கள். விவசாய நிலத்தின் குத்தகையே அடிப்படை என்பதால் இன்றும் தொகை குறைவுதான். சராசரியாகச் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 20 யூரோ சென்ட்டுக்கும் கீழே. சங்கச் சந்தா, தண்ணீர், காப்பீடு எல்லாம் தனி.

இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு நிபந்தனைகளும் உண்டு. குடில், மூடிய திண்ணையையும் சேர்த்து 24 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. விளைச்சல் வீட்டுத் தேவைக்குத்தான். சந்தைக்குக் கொண்டுபோய் விற்கும் தொழில் நடத்த முடியாது. பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. குத்தகைதாரர் இறந்தால் ஒப்பந்தமும் முடிகிறது. கணவன், மனைவி சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால் மட்டும் மற்றவர் தொடரலாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் சண்டை நடப்பது காய்கறிப் பங்கில்தான். பரப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கிலாவது காய், கனி விளைய வேண்டும் என்று ஜெர்மனியின் கூட்டு உச்ச நீதிமன்றம் 2004-ல் சொல்லிவிட்டது. சங்க நிர்வாகிகள் வேலியோரமாக நடந்து வந்து பாத்திகளைப் பார்ப்பதும், புல்வெளி மட்டும் வைத்திருப்பவருக்குக் கடிதம் அனுப்புவதும் இதனால்தான். ஊரார் கேலி செய்யும் வழக்கம் இது. ஆனால், காரணம் சாதாரணமானது அல்ல. நீதிமன்றம் ஒரு தோட்டத்தை மட்டும் தனியாக எடை போடுவதில்லை. வளாகம் முழுவதையும் பார்க்கிறது. பலரும் புல்லும் பூவும் மட்டும் வளர்த்தால், அல்லது குடில்களை வீடாக மாற்றினால், அது ‘வாரவிடுமுறை வீட்டுப் பகுதி’ ஆகிவிடும். குத்தகை வரம்பும், வெளியேற்றப் பாதுகாப்பும் அத்தனை பேருக்கும் போய்விடும். ஒருவர் தக்காளி நடாமல் விட்டது, பக்கத்துத் தோட்டக்காரரின் குத்தகையை ஏற்றிவிடலாம்.

குடிலைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே, விதியைத் தளர்த்தலாமே என்று உறுப்பினர்களே கேட்பதுண்டு. சட்டத்தில் கை வைக்கவே வேண்டாம் என்பதுதான் கூட்டமைப்பின் பழைய நிலைப்பாடு. வசதிக்காக ஒரு பிரிவைத் திறந்தால், குத்தகை வரம்பையும் சேர்த்துத் திறக்கச் சொல்லி எதிர்த்தரப்பு வரும் என்ற அச்சம் நியாயமானதே.

சட்டம் தவிரப் பயிற்சியும் பெரிய வேலை. கவாத்து, மண்வளம், ரசாயனம் இல்லாத பூச்சி மேலாண்மை ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்க, சங்கங்களில் தன்னார்வத் தொழில்நுட்ப ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தோட்டத்தை விட்டுப் போகும்போது, அவர் வைத்த மரத்துக்கும் குடிலுக்கும் என்ன விலை என்று சங்கத்தின் மதிப்பீட்டாளர் கணக்கிடுவார். புதிதாக வருபவர் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும். நிலத்துக்கு விலை கிடையாது.

இடம் கேட்கும் நகரம்

பெர்லினில் மட்டும் ஏறக்குறைய 70,000 தோட்டங்கள் உண்டு. வாடகை வீடு கிடைக்காமல் அல்லாடும் நகரம் அது. பள்ளிக்கும், சாலைக்கும், குடியிருப்புக்கும் இடம் தேடும்போது அதிகாரிகளின் கண் தோட்டங்கள் மேல் விழுகிறது. நகரத் திட்டத்தில் அந்த இடம் வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டால், குத்தகையை முடிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும். நிலத்தை ஒப்படைக்கும் நாள் நவம்பர் 30. அறுவடை முடிந்து, பாத்தி காலியாகும் சமயம்.

பயிருக்கும் குடிலுக்கும் இழப்பீடு உண்டு. மாற்று நிலம் தரும் கடமை நகராட்சிக்கு இருந்தாலும், அது முக்கியமாக ‘நிரந்தரச் சிறுதோட்டம்’ என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களுக்கே. அதிலும் நகராட்சியால் முடியாத நிலை என்றால் விலக்கு உண்டு. அதனால்தான், வெளியேற்ற நோட்டீஸ் வந்த பிறகு வழக்காடுவதைவிட, வரைபடத்தில் அந்த வார்த்தையை முன்கூட்டியே எழுத வைப்பதற்கு அதிகம் மெனக்கெடுகின்றன சங்கங்கள். வளாகத்தின் நடைபாதைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதும், 400 சதுர மீட்டர் தோட்டம் காலியாகும்போது அதை இரண்டாகப் பிரித்துக் காத்திருப்போரில் இருவருக்குக் கொடுப்பதும் இப்போது பல ஊர்களில் நடக்கிறது.