இருளில் கைகொடுக்குமா இன்வெர்ட்டர்?



காஞ்சி மாநகரின் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் அமர்ந்து பட்டு நெய்பவருக்கு வெளிச்சமும் ஒரு கருவியே. உடலும் கரையும் இணையும் கோர்வையில் இழை தவறினால், பிரித்து மீண்டும் நெய்ய வேண்டும். 2012-ஆம் ஆண்டின் நெடிய மின்வெட்டும், 2016 டிசம்பர் 12 அன்று இம்மாவட்டத்தையும் தாக்கிய வர்தா புயலும் மின்சாரத்தின் நிலையாமையை நமக்கு நன்கு உணர்த்தின. பல இல்லங்களில் இன்வெர்ட்டர் இடம்பெற்றுள்ளது. ஆயினும், அது தாங்கும் சுமை எவ்வளவு, பேட்டரியில் எஞ்சியுள்ள வலிமை எவ்வளவு என்று ஆராய்ந்து பார்ப்போர் சிலரே.

முதலில் சுமையைக் கணக்கிடுவோம். சாதாரண மின்விசிறிக்கு ஏறத்தாழ 75 வாட், எல்.இ.டி. விளக்குக்கு 9 வாட். எனவே 2 விசிறிக்கும் 5 விளக்குக்கும் 195 வாட் ஆகும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் கொள்ளளவு 1800 வாட்-மணி. அதனை அடிக்கடி முற்றும் வடித்தால் ஆயுள் குன்றும். பாதியை மட்டும் பயன்படுத்தி, இன்வெர்ட்டரில் வீணாகும் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எஞ்சுவது 720 வாட்-மணி. இஃது அச்சுமைக்கு மூன்றரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக வரும். மிக்சியையும் இஸ்திரிப்பெட்டியையும் இதில் இணைப்பது தகாது.

அடுத்து, பேட்டரியின் நலம். முழுதும் மின்னேற்றி, இணைப்பை நீக்கிச் சில மணி நேரம் ஓய்வில் விட்ட பின் மீட்டரில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஆனால் இவ்வளவு காட்டும் பழைய பேட்டரியும் சுமை ஏற்றியதும் விரைவில் சோர்ந்துவிடக்கூடும். ஆகவே ஆண்டுக்கு இருமுறை ஒரு சோதனை செய்க. மின்னேற்றம் நிறைந்ததும், இன்வெர்ட்டருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தி, எப்போதும் ஒரே அளவான சுமையை இயக்குக. எச்சரிக்கை ஒலி எழும் வரை கழிந்த நேரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. உடனே மின்சாரத்தை மீண்டும் கொடுத்துவிடுக. புதிதாய் இருந்தபோது கிடைத்த நேரத்தில் 100-க்கு 80 பங்குக்குக் கீழே இறங்கினால், மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். அமிலத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளக்கும்போது, ஆறு அறைகளுள் ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அந்த அறை பழுதுற்றது எனலாம்.

நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக, குழாய்நீர் ஆகாது. மின்னேறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருமாதலால் காற்றோட்டம் இன்றியமையாதது. விளக்கையோ தீக்குச்சியையோ அருகில் கொண்டுசெல்லற்க.

ஆக்சிஜன் செறிவூட்டியை நம்பி நோயாளர் வாழும் இல்லங்களில் இச்சோதனை உயிர்காக்கும் கடமையாகும். 5 லிட்டர் கருவி ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். இன்வெர்ட்டர் எத்தனை மணி தாங்கும் என்பதை முன்னரே அறிந்து, நிறைந்த சிலிண்டர் ஒன்றையும் ஆயத்தமாக வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அனைவரும் வீட்டில் இருக்கும் ஒரு பகற்பொழுதில் இதனைச் செய்து முடிப்பது நன்று.