இராத்திரிப் பல் விளக்கல் பெற்றோர் கையில்

தோட்டத்துத் தாய்மார்களே, தகப்பன்மார்களே!

"பால்பல்தானே டிரசரையா, விழுந்து முளைச்சிடும்" என்று என்னிடம் சொல்லாத தாயார் அபூர்வம். விழும், முளைக்கும், வாஸ்தவம். முன்பற்கள் 6, 7 வயதில் விழும். ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயதுவரை இருந்து சோறு மெல்ல வேண்டியவை. 4 வயதிலேயே அவை சொத்தையானால், அத்தனை வருஷம் பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்?

இன்னொன்றும் கேளுங்கள். 6 வயது வாக்கில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் பெரிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. மேலே 2, கீழே 2. எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால் அவற்றையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறோம். அவை போனால் போனதுதான். மறுபடி முளைக்காது.

காலையில் நீங்கள் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளை தூங்கிக் கொண்டிருக்கும். பிறகு எழுந்து, பாட்டி சத்தம் போட்டால் பிரஷை வாயில் வைத்து எடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும். அதைக் குறை சொல்லி லாபமில்லை. ஆகவே இராத்திரியைப் பிடித்துக் கொள்ளுங்கள். பல்லுக்கும் இராத்திரிதான் முக்கியம். தூங்கும்போது வாயில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். பல்லில் ஒட்டிய இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கி விடியவிடிய அரிக்கும். கழுவிவிட எச்சில் போதாது. டின்பால் கரைத்த போத்தலைச் சப்பிக்கொண்டே தூங்குகிற குழந்தைக்கு மேல்வாய் முன்பற்கள் முதலில் பழுப்பேறி உடைவது இதனால்தான். படுக்கையில் போத்தல் கேட்டால் வெறும் தண்ணீர் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் அழும். அடுத்த வீட்டுக்காரர் முணுமுணுப்பார். பரவாயில்லை, விட்டுக் கொடுக்காதீர்கள்.

இராச் சாப்பாடு முடிந்து பாய் விரிக்குமுன் இதற்கென்று நேரம் வையுங்கள். முதலில் பிள்ளை தன் கையால் ஆசை தீர விளக்கட்டும். பிறகு அம்மாவோ அப்பாவோ தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, உதட்டைத் தூக்கிப் பார்த்து, கடைவாய்வரை 2 நிமிஷம் விளக்கிவிடுங்கள். 7, 8 வயதுவரை, அதாவது சப்பாத்துக் கயிற்றைத் தானே ஒழுங்காகக் கட்டத் தெரியும்வரை, பிள்ளையின் கையை மட்டும் நம்ப முடியாது. அப்பாவும் பக்கத்தில் நின்று தன் பல்லை விளக்கினால் கூப்பிடாமலே பிள்ளை வரும். (பீடி, வெற்றிலை போடும் அப்பாமாருக்கும் இதில் நன்மை உண்டு!)

பற்பசை டப்பாவில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்குக் குறையாமல் இருக்கிறதா பாருங்கள். 3 வயதுக்குக் கீழே அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு போதும். விளக்கியபின் துப்பச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் சேர்ந்து போய்விடும். கரித்தூள் பாட்டன் காலத்துப் பழக்கம். அது பல்லைத் தேய்க்குமே தவிர, அதில் இந்த மருந்து கிடையாது.

அரசாங்கப் பல் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது பிள்ளை சம்மதப் பாரம் ஒன்று கொண்டு வரும். "ஊசி போடுவாங்க" என்று பயந்து அதைப் பையிலேயே ஒளித்து வைக்கிற பிள்ளைகள் உண்டு. பையைத் திறந்து பாருங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான் சொன்ன அந்த 6 வயதுக் கடைவாய்ப் பற்களின் பள்ளங்களில் அழுக்குத் தங்காதபடி மூடுகிற பூச்சு, தேவையான பிள்ளைகளுக்கு அங்கே இலவசமாகவே போடுகிறார்கள்.